இசட்

காத்தான்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.
பேரீச்சை நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை,
வெயிலுக்கு வழி விட்டுத் தூண்போல நிற்கின்றன.
தங்கச்சியின் மகன் மிதுசனுக்கு நாளைக்கு நாலு வயது.
நழீம் காக்காவின் கடையில்
மஞ்சள் பிளாஸ்ரிக் பலகையொன்றை எடுத்து
ஆப்பிள் படத்தை அமத்தினேன்.

என் தொண்டை பேசியது.

முதலில் பிடிபடவில்லை.
நம் குரல் நமக்கு வெளியே நின்றால்
யாரோ ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரித்தான் இருக்கிறது.
பந்து. பூனை. நாய்.
வேனில் வைத்துத்தான் பிடித்தேன்:
உதட்டைக் கடிக்காமல் குவித்து
இப்படி வேன் ஓட்டுகிறவள்
ஆரையம்பதியில் நான் ஒருத்தி.

யீவூவில் ரீச்சர் வேலை.
வாரம் இருபத்தாறு வகுப்பு, மூன்றாம் மாடி,
கோகிலவாணியைப் பிள்ளைகள் கோக்கோ ஆக்கிவிட்டார்கள்.
மற்ற வேலைகள் தானாக வந்தன.
சேலை கட்டி வா, சாப்பாட்டுக் கடை திறக்கிறோம்,
நாடா வெட்டு, சிரி, ஐந்நூறு யுவான்.
இன்னொரு சனிக்கிழமை மஞ்சள் தொப்பி தந்து
இன்னும் கட்டாத பாலத்தின் வரைபடத்துக்குத்
தலையாட்டச் சொன்னார்கள்.
நன்றாகவே ஆட்டினேன். நம் ஊரில் பழகின தலை,
ஓமுக்கும் இல்லைக்கும் ஒரே ஆட்டு.

மறுகா வந்தவர் ச்சியூ.
மகள் என் வகுப்பில் கடைசி வரிசை.
நாற்பது நிமிடம்தான் என்றார்.
போர்வைகள் தொங்கவிட்ட அலுமாரி அளவு அறை,
ஏசி இரைகிறதென்று நிறுத்திவிட்டார்கள்.
இருபத்தாறு எழுத்து, ஒவ்வொன்றும் பத்துத் தரம்.
வியர்வை சொட்டித் தாளில் மீன் கரைந்தது.

கடைசி எழுத்தில் சண்டை.
ஸீ என்று சொல், அமெரிக்காவில் அப்படித்தான்.
இசட் என்றேன்.
ஸீ.
இசட்.
ஏன் அப்படி நின்றேனென்று இன்றைக்கும் தெரியாது.
கூலிக்குக்கூட நான் பேரம் பேசவில்லை.
ச்சியூ கடிகாரத்தைப் பார்த்தார், விடு என்றார்.
முந்நூறு யுவான், ஒரு பை பம்பளிமாஸ்.
கையெழுத்து வேண்டாம், பெயர் வேண்டாம்,
என் விசாவில் இல்லாத வேலை.
மேசையிலிருந்த பெட்டியில் ஏற்கெனவே அச்சடித்திருந்தது:
கனடா ஆசிரியையின் உண்மைக் குரல்.

பக்கத்தில் ஒரு தாய், இடுப்பில் பிள்ளை.
"ஆர்ர குரல் காக்கா இது?"
"வெள்ளைக்காரிர. கேளுங்க, எவ்வளவு கிளியர்.
நம்மட ரீச்சர்மார் சொன்னா புள்ளைக்கு வெளங்குமா?"

பதினொரு மாதமாக என் விண்ணப்பம்
கல்விக் கந்தோரில் ஒரு மேசையில் கிடக்கிறது.
உச்சரிப்புக்கென்று தனி நேர்முகம் வைத்தார்கள்.
கொஞ்சம் ஊர் வாடை என்று
ஒருவர் எழுதியிருக்கிறாராம்.
சொல்லியிருக்கலாம், நான்தான் அது என்று.
வாய் திறந்தால் ஊர் வாடை.
பலகை திறந்தால் கனடா.

"என்ன விலை?"
"ரெண்டாயிரத்து எண்ணூத்தம்பது."
"கூட."
"கனடாச் சாமான் தங்கச்சி."
பின்பக்கம் திருப்பிச் சீனாவைக் காட்டினேன்.
இரண்டாயிரத்து நானூறுக்கு இறங்கினார்,
பற்றரி நாலும் சேர்த்து.
இந்த முறை பேரம் பேசினேன்,
மீதியையும் எண்ணி வாங்கினேன்.

பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
சில்லு குழியில் விழ, பொத்தான் அமர்ந்தது.
இசட், என்றாள்.
இசட், இசட்,
வரிக்குதிரைக்குப் போகாமலே.
முன் சீற்றிலிருந்த மனிசன் திரும்பி
என் தலைக்கு மேலால்
வெள்ளைக்காரியைத் தேடினார்.
ஆரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
இறங்குகிற இடம் வந்திருந்தது.